ஐந்து நிமிடம் எதுவும் செய்யாதே

நீலத் திரையில் ஏதோ ஒரு வரி.
வாசிப்பதற்குள் இருண்டது.
பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது,
நின்றது.
மறுபடி சுற்றி மறுபடி நின்றது,
தும்மல் வருவதுபோல் வந்து
வராமல் போகிற மாதிரி.

கூடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு டப்பா முறுக்கு.
யாருக்கு எத்தனை, எந்த புளோக், எந்த மாடி,
காரம் ஆகாதவர் யார், பாதிப் பணம் தந்தவர் யார்,
எல்லாம் அதன் வயிற்றுக்குள்.
காலை ஏழுக்கு வேன் வரும்.

பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன்.
வேறு துளையில் செருகினேன்.
தலையில் ஒரு தட்டு தட்டினேன்.
பக்கத்து வீட்டு ஹஃபீஸ் ரிசர்விஸ்ட் போயிருக்கிறான்.
சிம் லிம் கடைகள் எப்போதோ கதவை இறக்கியிருக்கும்.

இதைத் திருகு திருகாகக் கோத்தவன் ஒருவன் இருக்கிறான்.
அவன் எண்ணை நான் அழிக்கவில்லை,
பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தேன்.
நடுநிசி தாண்டி
'பிளம்பர்' என்பதை அழுத்தினேன்.

இரண்டாவது மணியில் எடுத்தான் குணாளன்.
பின்னால் குழந்தை அழுகை.
"பீப் எத்தனை?"
ஒன்று நீளம், இரண்டு குட்டை.
"மெமரி" என்றான்.
அந்தச் சொல்லைத் தமிழ்ப்படுத்தாமல்
இருவரும் கடந்தோம்.

மூடிக்கு நான்கு திருகாணி. ஒன்று அன்றே தொலைந்தது,
அந்தத் துளையில் அவன் செருகிய பல்குச்சி
இன்னும் விறைப்பாக இருக்கிறது.
உள்ளே பூனை மயிர்போல் தூசி,
இரண்டாய் உடைந்த பல்லி முட்டை ஓடு.

"பச்சைப் பட்டை ரெண்டு இருக்கும். ஓரக் காதைத் தள்ளிட்டு இழு.
தங்கப் பல்லை ரப்பரால தேய்."
பள்ளிக்கூட ரப்பருக்கு
இந்த வீட்டில் எங்கே போவேன்?
கணக்குப் பென்சிலின் பின்புறத்தில்
ஒரு பொட்டு மிச்சம் இருந்தது.

தேய்த்தேன். பளிச்சிட்டது.
இன்னும் அதே தும்மல்.
"சரி. வட்டமா ஒரு பேட்டரி தெரியுதா,
ஐம்பது காசு மாதிரி? கழற்று.
ஐந்து நிமிஷம் எதுவும் செய்யாதே."

பழகிய நாள் முதல்
நாங்கள் சேர்ந்து எதுவும் செய்யாமல் இருந்த
முதல் ஐந்து நிமிடம்.

கடைசி எல்ஆர்டி ஜன்னலை உரசுவதுபோல் போனது,
வீடுகள் நெருங்கியதும் தன் கண்ணாடியை மங்கலாக்கிக்கொண்டு.
"இன்னும் மங்குதா?" ஒலியை வைத்தே கேட்டான்.
"ம்."
"குளியலறைக் குழாய்?"
"பிளம்பர் வந்து பார்த்துட்டார்" என்றேன்,
உண்மையான பிளம்பரை.

அழுகை அடங்கியது. முதுகில் தட்டுகிற சத்தம் மட்டும்
பொத், பொத் என்று, ஒரே சீராக.
அந்தக் கைக்கு அப்படி ஒரு தாளம் தெரியும் என்று
எனக்குத் தெரியாது.
"பேர் என்ன?"
"நறுமுகை."
"நல்லா இருக்கு."
"ஏழு நிமிஷம் ஆயிடுச்சு" என்றான்.

விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
ஒற்றைப் பீப்.
கறுப்பில் வெள்ளை எழுத்து: தேதி தவறு.
பெட்டிக்கு இன்று இரண்டாயிரத்துப் பதினான்கு,
ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
அந்த நள்ளிரவில் மரீனா பே வாணவேடிக்கை டிவியில் வெடிக்க
இதே தரையில் குப்புறப் படுத்து
இதற்கு ஒயர் கட்டிக்கொண்டிருந்தான்.

என்ன காட்டுது என்றான். சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"மாத்திடு. தேதி தப்பா இருந்தா
இணையத்தில ஒரு பக்கமும் திறக்காது."

கூட்டல் பொத்தானை
வருடத்துக்கு ஒரு தரம் அமுக்க வேண்டும்.
பத்தொன்பதில் விரல் நின்றது, பிறகு போனது.

பட்டியல் திறந்தது.
செகார் ரோடு, கமலவேணி அக்கா, மூன்று டப்பா, காரம் வேண்டாம்.

"உனக்கும் ஒரு டப்பா அனுப்பட்டுமா, உன் மகளுக்கு?"
"அவளுக்கு இன்னும் பல்லே முளைக்கலை" என்றான்.
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
வைத்துவிட்டோம்.

மூடியைப் பொருத்தினேன்.
மூன்று திருகாணி, ஒரு பல்குச்சி.